மூச்சு விடாத கல்

“என்ன நிறமெண்டாலும் பரவாயில்ல. எந்தத் தங்கமெண்டாலும் பரவாயில்ல. மூச்சு விடாத கல்லாப் பாருங்க.”

மோதிரத்துக்கு எப்படிப்பட்ட வைரம் வேண்டும் என்று கேட்டதற்கு நஸ்ஹா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் இது. இஷாம் மூன்று தரம் வாசித்தான். அல்லாஹ் கடைசியில் தன் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டான் என்று முடிவுகட்டினான்.

அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது. வயது முப்பத்துமூன்று. கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை. முன்னந்தலை முடி எப்போதோ லீவில் போனது, இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. இதற்கு முன் பேசிவந்த இரண்டு சம்பந்தங்களும் அவனுடைய வாயால்தான் கெட்டன. ஒரு வீட்டில் பெண்ணின் வாப்பா மரியாதையாக, “கட்டார்ல சூடு எப்பிடி மகன்?” என்று கேட்டார். “சூடு இருந்தாத்தான் மாமா எனக்குச் சோறு. நரகத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வச்சிருக்கன்” என்றான் இவன். அவர் சிரிக்கவில்லை. அன்று அஸர் தொழுகைக்கு முன்னம் சம்பந்தம் முறிந்தது.

அப்படிப்பட்டவனுக்குப் பகிடி தெரிந்த ஒரு பெண் அமைகிறாள் என்றால் சும்மாவா? மூச்சு விடாத கல்லாம்! ஏழு சிரிப்பு முகங்களை வரிசையாக அனுப்பினான்.

“ஓம்” என்று பதில் வந்தது.

இந்த “ஓம்”தான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. நஸ்ஹா ஏறாவூரில் ஆசிரியை. இஷாமின் அக்கா, அவன் ராத்தா என்று கூப்பிடுகிற முப்லிஹா, யாருக்கும் தெரியாமல் அவளுடைய நம்பரை வாங்கிக் கொடுத்து மூன்று கிழமை ஆகிறது. சாப்பிட்டீங்களா? ஓம். பள்ளிக்கூடம் விட்டாச்சா? ஓம். என்னைப் பிடிச்சிரிக்கா? ஓம். சோற்றுக்குச் சொன்ன ஓமும் அவனுக்குச் சொன்ன ஓமும் ஒரே மாதிரித்தான் வந்து விழுந்தன. வீட்டார் சொல்கிறார்களே என்று தலையாட்டுகிறாளோ? அப்படியென்றால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றுதான் இருந்தான். ஆனால் அதை அவளிடமே கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் அதற்கும் “ஓம்” என்று சொல்லிவிடுவாளே.

ஞாயிற்றுக்கிழமை மோதிரம் போடுவது. உம்மாவும் ராத்தாவும் போய் நஸ்ஹாவின் விரலில் போட்டுவிட்டு வருவார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே அவனுக்குப் பதிலாக அந்த வீட்டுக்குள் போகிற ஒரே சாமான் அந்த மோதிரம்தான். அது போய் மனதார ஒரு “ஓம்” வாங்கிவர வேண்டும். மிளகளவு கல்லின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றிக்கொண்டுதான் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ராத்தாவை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பாறூக் காக்காவின் நகைக்கடைக்குப் போனான்.

காத்தான்குடியில் அந்தக் கடையின் முகம் வீதிக்கு, முதுகு வாவிக்கு. பாறூக் காக்கா அவர்களை முன்கடையில் இருக்கவிடாமல் பின்னறைக்குக் கூட்டிப்போனார். நீளமான அறை. மேற்கே வாவியைப் பார்த்தபடி ஆறு கண்ணாடி ஜன்னல்கள் வரிசையாக. வடக்குச் சுவரில் இன்னொன்று. அதன் கீழே ஒரு மேசை. ஏசி கிடையாது. தொழில் முறையில் அது இஷாமுக்குச் சற்று அவமானமாகவே இருந்தது.

“கடை லைட்டை நம்பிக் கல் எடுக்கப்படாது தம்பி” என்றார் பாறூக் காக்கா. “அந்த லைட்டுக்குக் கீழ போத்தல் துண்டும் மாப்பிள்ளை மாதிரி மினுங்கும். வடக்கு வெளிச்சத்திலதான் கல்லு உண்மை பேசும்.”

“என்னையும் லைட்டுக்குக் கீழ வச்சுத்தான் காக்கா பொண் வீட்டுக்குப் போட்டோ அனுப்பினாங்க. நீங்க ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க.”

“வாயை மூடிட்டுக் கல்லைப் பாரு” என்றாள் முப்லிஹா.

காக்கா ஒரு வெள்ளைக் கடதாசியை மடித்து, அந்த மடிப்புக்குள் ஐந்து கற்களைத் தலைகீழாக அடுக்கினார். நிறமே இல்லாத கல்தான் முதல் தரம், அதற்கு டி என்று பெயர், அதற்குப் பிறகு ஈ, எஃப் என்று எழுத்து இறங்க இறங்க மஞ்சள் தட்டும் என்று விளக்கினார்.

“அப்ப ஏ, பி, சி எங்க?”

“அது இல்ல. டியிலதான் தொடக்கம்.”

“எனக்கும் பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் காக்கா.”

முப்லிஹாவுக்குக் கல்லைவிடத் தங்கத்தில்தான் கவலை. “மஞ்சள் தங்கத்தில வச்சுக் கட்டுங்க காக்கா. வெள்ளைத் தங்கத்தில கொண்டு போனா, ஏறாவூராக்கள் அதை வெள்ளி எண்டுதான் நினைப்பாங்க. காத்தான்குடியான் வெள்ளி மோதிரம் கொண்டு வந்தான் எண்டு மகரிபுக்கு முன்ன கதை ஓட்டமாவடிக்குப் போயிரும்.”

“அது கல்லைப் பொறுத்தது தங்கச்சி. வெள்ளைக் கல்லுக்கு வெள்ளைத் தங்கம் நல்லம். மஞ்சள் தட்டின கல்லை வெள்ளையில வச்சா அதின்ட மஞ்சள் அப்பிடியே காட்டிக் கொடுத்திரும். மஞ்சள் தங்கத்தில வச்சா ஒளிஞ்சிரும்.” நாலாவது கல்லை இடுக்கியால் தொட்டார். “இது கே தரம். பாருங்க, கஞ்சித் தண்ணி மாதிரி. இதை எடுக்கிறெண்டா மஞ்சள் தங்கம்தான்.”

“இதெல்லாம் அசல் கல்லுத்தானா எண்டு நான் என்னெண்டு நம்புற?” என்றான் இஷாம், சும்மா சீண்டுவதற்காக.

“ஊதிப் பாருங்க. கண்ணாடியெண்டா ஆவி படிஞ்சு நிக்கும். வைரம் சூட்டை வச்சிரிக்காது. ஊதின கையோட தெளிஞ்சிரும்.”

முப்லிஹா முன்கடைக்கு வளையல் பார்க்கப் போனாள். இஷாம் குனிந்து ஐந்து கற்களின் மேலும் “ஹா” என்று ஊதினான். ஐந்தும் மங்கின. நான்கு கற்கள் அந்தக் கணமே தெளிந்தன. நாலாவது சற்றுத் தாமதித்துத் தெளிந்தது.

அதன் பிறகு, யாரும் ஊதாமலே மறுபடியும் ஒருதரம் மங்கியது.

இஷாம் பாறூக் காக்காவைப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு நீர்க்காகத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏசிக்காரன் பயப்படுவதற்கு முன் காரணம் தேடுவான். வாவிக் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்று குளிர்ந்த சாமானில் பட்டால் வியர்க்கும். எத்தனையோ பேருக்கு இதை விளங்கப்படுத்திக் கூலி வாங்கியிருக்கிறான். சரி, கல்லைச் சூடாக்கினால் போயிற்று. இடுக்கியால் அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பிடித்தான். நன்றாகச் சூடேறிய பிறகு கையைத் திறந்தான்.

கல் மங்கியது. தெளிந்தது. மங்கியது. தெளிந்தது.

சூடான சாமானில் ஆவி படியாது. கட்டாரிலும் படியாது, காத்தான்குடியிலும் படியாது. தன் மூச்சுத்தான் படுகிறதோ என்று மூச்சை அடக்கினான். அடக்கியபடியே பார்த்தான். அவனுடைய நெஞ்சு முட்டி, கண்ணில் நீர் வந்தபோதும் கல் தன்பாட்டில் மங்கித் தெளிந்துகொண்டிருந்தது. அதில் அவசரம் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒருவன் மூச்சு விடுவதைப் போலத்தான் இருந்தது.

“மூச்சு விடாத கல்லாப் பாருங்க.”

 அந்த ஏழு சிரிப்பு முகங்களும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

“காக்கா, இது எங்கால வந்த கல்லு?”

பாறூக் காக்கா மெல்லத் திரும்பினார். “நீங்களும் பாத்திட்டீங்க” என்றார். அவருடைய குரலில் ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. “ரெண்டு தரம் வித்தன் தம்பி. ரெண்டு தரமும் திரும்பி வந்திட்டு. கொண்டு வந்தாக்கள் காரணம் சொல்லல்ல. நானும் கேக்கல்ல.”

“முதல்ல ஆரிட்ட வாங்கின?”

“ஓட்டமாவடியில ஒரு குடும்பம். மகன் றமீஸ் எண்டு, நல்ல பொடியன். கல்யாணம் பேசி மோதிரமும் போட்டாச்சு. ரெண்டு வருஷத்துக்கு முந்தின வெள்ளத்துக்கு, வாவித் தண்ணி கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டினாங்களே, அண்டைக்குத் தோணியில போயிரிக்கான். இழுவைக்குள்ள அகப்பட்டுத் தோணி கவுண்டிட்டு. தேடியும் மையித்துக் கிடைக்கல்ல. மையித்து இல்லாமலே காயிபாத்தான் தொழுதாங்க. பொண் வீட்டாக்கள் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்திட்டாங்க. மறுகா அந்தத் தாய்க்கு அதை வீட்டில வச்சிரிக்க ஏலாமப் போயிட்டு.”

“பொண் எந்த ஊர்?”

“ஏறாவூராம். டீச்சராம்.”

வாசலில் வளையல் கிணுங்கியது. முப்லிஹா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் இஷாமுக்கு மீதி விளங்கிவிட்டது.

“உனக்குத் தெரியும், என்ன ராத்தா?”

“தெரியும்.”

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“சொன்னா நீ பகிடி விடுவாய்” என்றாள் முப்லிஹா. “மவுத்தானவனையும் நீ விடமாட்டாய். அந்தப் பிள்ளைக்கு அது தாங்காது.”

இஷாம்  கையை நீட்டிக் கல்லைக் காட்டப் போனான். அவள், “எனக்குக் காட்டாத” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முன்கடைக்குப் போய்விட்டாள்.

இஷாம் கல்லைத் திரும்பக் கடதாசியில் வைத்தான். மணி பத்தரை. பள்ளிக்கூடத்தில் இடைவேளை நேரம். நஸ்ஹாவுக்கு அழைத்தான். மூன்று கிழமையில் குரலோடு பேசுவது இதுதான் இரண்டாம் தரம். மறுபக்கம் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நஸ்ஹா, நான் நகைக்கடையில நிக்கிறன்.”

“ஓம்.”

“ஒரு கல்லு மூச்சு விடுது. நான் கண்ணால பாத்தன்.”

 பிள்ளைகளின் கூச்சல் மட்டும் மெல்ல மெல்லத் தூரமாகியது. அவள் எங்கேயோ நடந்துபோகிறாள் என்று தெரிந்தது.

“பகிடி விடுறீங்களா?” என்று கேட்டாள்.

“அல்லாஹ்வுக்காக, இல்ல.”

“மஞ்சள் தட்டினதா?”

“ஓம்” என்றான் இஷாம். ஓம் என்கிற அந்தச் சொல் இவ்வளவு கனமானது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் பேசினாள். மூன்று கிழமையாகப் பேசாததையெல்லாம் அந்த இடைவேளைக்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது போலப் பேசினாள். “எனக்கு ஜின் பார்வை எண்டாங்க. ஓதித் தண்ணி தந்தாங்க, தாயத்துக் கட்டினாங்க. என்ட உம்மாவுக்குக் காட்டினன், தெரியல்ல எண்டாங்க. தெரிஞ்சிரிக்கும், பயத்தில சொல்லல்ல. தோணியில போன அண்டைக்குக் காலையில அவர் எனக்கு ஃபோன் எடுத்தார். பேசிட்டு வைக்கக்குள்ள, வாறன் எண்டார். நான், ஓம் வாங்க எண்டன். எல்லாரும் சொல்றதுதானே? நாம ஆருதான் போறன் எண்டு சொல்ற? மூணாம் நாள் விரல்ல கல்லு மங்கிச்சு. வாங்க எண்டு நான்தானே சொன்னன். அவர் வந்துட்டே இருக்கார். வந்து சேர ஏலாம வந்துட்டே இருக்கார்.”

இஷாம் கல்லைப் பார்த்தான். அது இப்போது சற்று வேகமாக மங்கித் தெளிந்தது. தூரத்தில் தன் பெயர் கேட்டவன் காதைத் தீட்டுவது போல.

“அங்க இப்பவும் மூச்சு விடுதா?”

“விடுது. உங்கட குரல் கேட்ட பிறகு கூடியிரிக்கு.”

அவள் அழுகிறாளோ என்று நினைத்தான். இல்லை, எங்கேயோ ஒரு கதவைச் சாத்துகிறாள்.

“ஃபோனைக் கிட்ட வைங்க.”

லவுட் ஸ்பீக்கரைப் போட்டுக் கடதாசியின் பக்கத்தில் வைத்தான். பாறூக் காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றார்.

“இஞ்ச பாருங்க” என்றாள் நஸ்ஹா. அந்த அழைப்பு தனக்கு இல்லை என்று இஷாமுக்குத் தெரியும். என்றாலும் அவனை அறியாமல் கழுத்து ஒருதரம் திரும்பி வந்தது. “இஞ்ச பாருங்க, நான்தான். நீங்க... போயிட்டு வா—”

பழகிய வாய். கல் பட்டென்று மங்கியது. இந்த முறை தெளியவில்லை. ஆவி தடித்து, கல்லைச் சுற்றி வெள்ளைக் கடதாசியில் ஒரு காசளவு ஈரம் பரவத் தொடங்கியது. அறைக்குள் வாவிச் சேறு மணத்தது.

“நிப்பாட்டுங்க!” என்று இஷாம் கத்தினான். “வாங்க எண்டு சொல்லாதீங்க, நஸ்ஹா!”

மறுபக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இந்தப் பக்கம் கல். நடுவில் இவன். ஏசிக்காரனுக்கு அந்த அறையில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வேண்டுமென்றால் தானே சொல்லிவிடலாம். வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவன், யாரையும் போ என்று சொல்லக் கூசாதவன். ஆனால் வாயைத் திறந்தபோது, வாவியின் இழுவைக்குள் ஒருவன் இரண்டு வருடமாக “வாறன், வாறன்” என்று நீந்திக்கொண்டிருப்பதுதான் கண்ணில் தெரிந்தது. நாக்கு எழும்பவில்லை. அதோடு, அது அவனுடைய சொல்லும் அல்ல.

“இல்ல” என்றாள் நஸ்ஹா. குரல் தெளிந்திருந்தது. “வர வேணாம். போங்க. நான் நல்லா இரிக்கன். நீங்க போங்க.”

கல்லில் இருந்த ஆவி ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுருங்கியது. ஊசிமுனையாகி, இல்லாமல் போனது. இஷாம் பத்து வரைக்கும் எண்ணினான். முப்பது வரைக்கும் எண்ணினான். மங்கவில்லை.

பாறூக் காக்கா அவனுடைய தோளைத் தொட்டு ஜன்னலைக் காட்டினார்.

மேற்குச் சுவரின் தெற்குக் கோடியில், முதல் ஜன்னலின் கண்ணாடியில், ஆள் உயரத்தில், ஒரு வாயளவு ஆவி படிந்திருந்தது. வெளியே வெயில் நெருப்பாய் எரிந்தது. அந்த ஆவி தெளிந்தது. இரண்டாவது ஜன்னலில் படிந்தது. தெளிந்தது. மூன்றாவதில். நான்காவதில். யாரோ அந்தச் சுவரோரமாக, உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, நடந்துபோகிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் நடக்க நிலம் இல்லை, தண்ணீர்தான். ஆறாவதைக் கடந்து, மேசைக்கு நேரே இருந்த வடக்கு ஜன்னலில் கடைசியாக ஒன்று படிந்தது. இஷாமின் முகத்துக்கு நேரே. அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்களைப் போல நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனது.

அதற்கு வடக்கே வாவி. வாவிக்கு வடக்கே முகத்துவாரம். அதற்கப்பால் கடல்.

“போயிட்டாரா?” என்று ஃபோன் கேட்டது.

“ஓம்.”

 பாறூக் காக்கா நாலாவது கல்லின் மேல் பயந்து பயந்து ஊதினார். ஊதின கையோடு தெளிந்தது. “இனி வெறும் கல்லுத்தான்” என்று சொல்லி, அதைப் பொட்டலத்தில் மடித்து வைத்தார்.

ஃபோனில் நஸ்ஹாவின் குரல் கேட்டது. “வெள்ளைத் தங்கத்தில கட்டச் சொல்லுங்க.”

“வெள்ளி எண்டு ஆக்கள் கதைப்பாங்களாம். ராத்தா சொல்றா.”

“கதைக்கட்டும். எனக்கு நிறத்தை ஒளிக்கிற தங்கம் வேணாம். கல்லு எப்பிடியோ அப்பிடியே தெரியட்டும்.”

மூன்று கிழமையில் அவள் சொந்தமாக வேண்டும் என்று கேட்ட முதல் சாமான் அது. இஷாம் மீதி நான்கு கற்களையும் கடதாசியோடு இழுத்து, ஒவ்வொன்றாக ஊதினான். அவனுக்கு டியும் தெரியவில்லை, எஃபும் தெரியவில்லை. இரண்டாவது கல் எல்லாவற்றையும்விட முந்தித் தெளிந்தது. “இது” என்றான். பாறூக் காக்கா தலையாட்டினார்.

பள்ளிக்கூட மணி கேட்டது. இடைவேளை முடிந்துவிட்டது.

“சரி நஸ்ஹா. அப்ப நான் வாறன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஃபோனை இறுக்கிப் பிடித்தான். மறுபக்கம் மணி அடித்து ஓய்ந்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுகிற சத்தம் கேட்டு அடங்கியது.  இஷாமுக்குத் தெரிந்தது, இனி அவள் அந்தச் சொல்லுக்கு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் அல்ல. வைத்துவிட்டுப் போனாலும் பிழை இல்லை.

“ஓம்” என்றாள் நஸ்ஹா. அது சோற்றுக்குச் சொன்ன ஓம் இல்லை. “வாங்க.” பிறகு, சற்றுப் பொறுத்து, ஒரு டீச்சரின் குரலில்: “வாறன் எண்டு சொன்னா வரணும். விளங்கிச்சா?”

“விளங்கிச்சு டீச்சர்.”

வெளியே வந்து இஷாம் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்தான். போலீஸ்காரரைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏறுகிற ஹெல்மெட் அது. அதைத் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே பட்டியைத் தேடிப் பிடித்து, இரண்டு தரம் தவறவிட்டு மூன்றாம் தரம் பூட்டினான்.

“காத்தான்குடிக்குள்ள ஆருடா பட்டி பூட்டுற?” என்றாள் முப்லிஹா பின்னால் ஏறிக்கொண்டு.

“வாறன் எண்டு சொல்லிட்டன் ராத்தா.”

முகக்கண்ணாடியை இறக்கினான். உள்ளே ஆவி படிந்து வீதி மறைந்தது. இஷாம் ஸ்டார்ட் பண்ணாமல் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். கண்ணாடி மெல்லத் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் அடக்கிப் பார்த்தான். தெளிந்தபடியே இருந்தது. அப்போ உள்ளே இருப்பது அவன் ஒருத்தன்தான். பெரிதாக ஒரு மூச்சு விட்டு, மங்கிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் வீட்டுக்கு ஓட்டினான்.